மூக்கறுத்துச் சகுனத்தடை

2024 ஜனவரியில் மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூன்று பேர் சமூக ஊடகத்தில் இந்தியப் பிரதமரைப் பழித்து எழுதினார்கள். அந்த நாட்டு அரசு உடனே அவர்களை இடைநீக்கம் செய்துவிட்டது. நம் ஊரில் கிளம்பிய கோபம் மட்டும் அடங்கவில்லை. “நம் காசில் பிழைத்துக்கொண்டு நம்மையே ஏசுவதா? டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் விடுதிகள் காலியாகக் கிடந்தால் தானாக வழிக்கு வருவார்கள்” என்றார்கள். இணையத்தில் பயணச்சீட்டு விற்கும் நிறுவனம் ஒன்று மாலத்தீவு விமானங்களுக்கான முன்பதிவையே நிறுத்திவைத்தது. 2025 மே மாதத்தில் இதே பேச்சு துருக்கிக்கும் அஜர்பைஜானுக்கும் எதிராக எழுந்தது.

ஒருவர் தன் விடுமுறையை எங்கே கழிக்கிறார் என்பது அவர் பாடு. கோபத்தில் ஒரு நாட்டுக்குப் போகாமல் இருந்தால் அதிலும் எனக்குச் சண்டை இல்லை. என் மறுப்பு இதற்கு அடுத்த படியில் நிற்பவர்களுக்கு. “இதை ஏன் மக்களின் கோபத்துக்கு விட வேண்டும்? அரசே ஆணையிடட்டும். சீனாவைப் பாருங்கள். ஒரு நாட்டோடு முறைப்பு வந்தால் முதலில் சுற்றுலாப் பயணிகளைத்தான் நிறுத்துகிறது. ஒரு தோட்டா செலவில்லை, எதிராளி மண்டியிடுகிறான்” என்று அவர்கள் தொலைக்காட்சி விவாதங்களில் மேசையைத் தட்டிப் பேசுகிறார்கள். கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். பயணத்தடை என்பது செலவில்லாத, ரத்தம் சிந்தாத, தப்பாமல் வேலை செய்கிற ஆயுதம் என்பது ஏறத்தாழ எல்லாரும் ஏற்றுக்கொண்ட கருத்தாகிவிட்டது.

சரி, சீனாவையே பார்ப்போம். யார் மண்டியிட்டார்கள்?

2016 ஜூலையில் தென்கொரியா, தாட் எனப்படும் அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பைத் தன் மண்ணில் நிறுவப்போவதாக அறிவித்தது. தன்னை உளவு பார்க்கத்தான் அதன் ராடார் என்று சீனா கொதித்தது. அந்த ஆண்டு கொரியாவுக்கு வந்த வெளிநாட்டவர் ஒரு கோடியே 72 லட்சம் பேர். அதில் 80 லட்சம் பேர் சீனர்கள். 2017 மார்ச் தொடக்கத்தில் சீனப் பயண முகவர்களுக்கு வாய்மொழியாக ஒரு சொல் போனது: 15ஆம் தேதிக்குப் பிறகு கொரியச் சுற்றுலாவை விற்காதீர்கள். எழுத்தில் ஓர் ஆணையும் இல்லை. அப்படி ஒரு தடை போட்டதாக சீன அரசு கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை. இந்த வகைத் தடையின் முதல் அயோக்கியத்தனம் இதுதான். எழுதப்படாத ஆணையை எதிர்த்து எவரும் வழக்குப் போட முடியாது. நட்டம் கேட்க முடியாது. எப்போது முடியும் என்று கேட்கக்கூட முடியாது, ஏனென்றால் அது தொடங்கவே இல்லை.

மார்ச் 11 அன்று ஜெஜு தீவுத் துறைமுகத்தில் கோஸ்டா செரீனா என்ற சொகுசுக் கப்பல் நின்றது. அதிலிருந்த 3,400 சீனப் பயணிகளில் ஒருவரும் கரையிறங்கவில்லை. அவர்களுக்காகக் காத்திருந்த பேருந்துகளும் வழிகாட்டிகளும் வந்த வழியே திரும்பினார்கள். அந்தத் தீவின் கடைவீதி ஒன்றுக்கு 2011இல் பாவ்ஜியான் என்ற சீன நிறுவனத்தின் பெயரையே வைத்திருந்தார்கள். அந்த நிறுவனம் தன் ஊழியர்கள் 11,000 பேரை அங்கே சுற்றுலா அனுப்பியதற்கு நன்றிக்கடன். 2018இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு நுவெமாரு தெரு என்று மாற்றிக்கொண்டார்கள். 2016இல் ஜெஜுவுக்கு வந்த சீனர்கள் 30 லட்சம், அடுத்த ஆண்டு சுமார் ஏழரை லட்சம். வலிக்கவில்லை என்று யார் சொன்னது? நன்றாகவே வலித்தது. யாருக்கு வலித்தது, அந்த வலி யாரை என்ன செய்ய வைத்தது என்பதுதான் என் கேள்வி.

கொரியாவின் வரியில்லாக் கடைகளை எடுத்துக்கொள்வோம். சீனப் பயணிகளின் பணத்தில் பெரும்பங்கு அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. பயணிகள் பாதியாகக் குறைந்த 2017இல் அந்தக் கடைகளின் மொத்த விற்பனை அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. மூட்டை மூட்டையாக அழகுசாதனப் பொருட்களை வாங்கிச் சீனாவில் மறுவிற்பனை செய்யும் குருவி வியாபாரிகள் அந்த இடத்தை நிரப்பினார்கள். ஆக, பெரிய கடைக்காரருக்கு ஆள் மாறியதே தவிர வியாபாரம் நிற்கவில்லை. நின்றது சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் சீனமொழி படித்து வழிகாட்டியானவருக்கும். தாட் ராடாரை எங்கே வைப்பது என்று இவர்களில் எவரையும் கேட்டு எவரும் முடிவு செய்யவில்லை.

வானத்திலும் அப்படியே நடந்தது. சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்களைக் கொரியாவின் மலிவுக்கட்டண நிறுவனங்கள் ஜப்பானுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் திருப்பிவிட்டன. சீனர் வராவிட்டால் என்ன, கொரியர்களை வெளியே கூட்டிப்போகலாம் என்பது கணக்கு. 2016இல் 51 லட்சமாக இருந்த ஜப்பான் செல்லும் கொரியர்கள் 2017இல் 71 லட்சமானார்கள். தடை ஆண்டான அந்த 2017இல்தான் ஜெஜு ஏர் நிறுவனத்தின் இயக்க லாபம் முதன்முறையாக 10,000 கோடி வொன்னைத் தாண்டியது. விமானத்தை வேறு வழித்தடத்துக்குத் திருப்ப ஒரு வாரம் போதும். விமான நிலையத்தை எங்கே திருப்புவது? கிழக்குக் கடற்கரையில் யங்யங் என்ற ஊரில் 2002இல் திறந்த விமான நிலையம் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தது. சீன சார்ட்டர் விமானங்கள் வரத் தொடங்கிய பிறகே அதற்கு உயிர் வந்தது. தடை வந்ததும் அவை நின்றன. பக்கத்து மலைகளில் குளிர்கால ஒலிம்பிக் நடக்க ஒரு வருடம்கூட இல்லாத நேரம் அது. சியோலில் இருக்கும் அரசை அடிக்க ஓங்கிய கை யங்யங்கின் மேல் விழுந்தது.

“ஆனாலும் கொரியா இறங்கி வந்ததே” என்பார்கள். 2017 அக்டோபர் இறுதியில் புதிய கொரிய அரசு மூன்று விஷயங்களைச் சொன்னது உண்மை: கூடுதலாகத் தாட் நிறுவ மாட்டோம், அமெரிக்காவின் ஏவுகணைத் தடுப்பு வலையில் சேர மாட்டோம், ஜப்பானோடு முத்தரப்பு ராணுவக் கூட்டு வைக்க மாட்டோம். சீனா கேட்டதோ ஏற்கெனவே நிறுவியதை அகற்றச் சொல்லி. அது இன்றும் சொங்ஜுவில் இருக்கிறது. இறங்கி வந்ததற்குப் பரிசாகவாவது தடை நீங்கியதா என்றால் அதுவும் இல்லை. ஒருசில நகரங்களின் முகவர்களுக்கு மட்டும் அனுமதி, பிறகு இழுபறி, இடையில் பெருந்தொற்று. குழுச் சுற்றுலாவுக்கு முழு அனுமதி வந்தது 2023 ஆகஸ்டில். ஆறு ஆண்டுகள். இதற்குள் ஒரு தலைமுறைக் கொரிய இளைஞர்களின் மனதில் சீனாவின் பெயர் எவ்வளவு கெட்டது என்பதை அந்நாட்டுக் கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன.

தைவானில் இது இன்னும் வேடிக்கை. 2015இல் அந்தத் தீவுக்கு வந்த ஒரு கோடியே 4 லட்சம் பேரில் 42 லட்சம் பேர் சீனப் பெருநிலத்தவர். 2016 மே மாதம் பெய்ஜிங்குக்குப் பிடிக்காத சாய் இங்-வென் அதிபரானதும் குழுக்கள் குறையத் தொடங்கின. செப்டம்பரில் விடுதிக்காரர்களும் பேருந்து ஓட்டுநர்களும் பல்லாயிரக்கணக்கில் திரண்டு தைப்பே வீதிகளில் ஊர்வலம் போனார்கள். தடை வேலை செய்கிறது என்று பெய்ஜிங்கில் யாராவது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தால் அது அந்த மாதத்தில்தான் இருக்கும். சாய் அரசு தாய்லாந்துக்காரர்களுக்கும் பின்னர் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் விசா தேவையில்லை என்று அறிவித்தது. 2017இல் சீனர்கள் 27 லட்சமாகக் குறைந்தார்கள். மொத்த வருகை ஒரு கோடியே 7 லட்சமாக உயர்ந்தது.

எதிர்த்தரப்பின் கையில் இங்கே ஒரு நல்ல சீட்டு இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். 2018 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் சாயின் கட்சி மண்ணைக் கவ்வியது. அதன் கோட்டையான காவ்ஷியுங் நகரில், சரக்கை வெளியே அனுப்புவேன், ஆட்களை உள்ளே வரவைப்பேன், நகரத்தைப் பணக்கார ஊராக்குவேன் என்று சொல்லி ஹான் குவோ-யூ மேயரானார். உள்ளே வரவேண்டிய ஆட்கள் யார் என்று அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆக, சுற்றுலாவைச் சுருக்கினால் வாக்கு மாறும்தானே? பெய்ஜிங்கும் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கும். 2019 ஆகஸ்ட் 1 முதல், 47 நகரங்களிலிருந்து தனிநபராகத் தைவான் செல்லும் அனுமதியையும் நிறுத்தியது. அடுத்த ஆறாவது மாதம் நடந்த அதிபர் தேர்தலில் ஹானை எதிர்த்து நின்ற சாய் 81 லட்சத்துக்கு மேல் வாக்குகள் பெற்றார். அதுவரை எந்த வேட்பாளரும் பெறாத எண்ணிக்கை. 2020 ஜூனில் காவ்ஷியுங் மக்கள் வாக்களித்து ஹானை மேயர் பதவியிலிருந்தே இறக்கினார்கள். ஹாங்காங்கில் நடந்த போராட்டம்தான் சாயின் வெற்றிக்கு முதன்மைக் காரணம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஓர் ஊரின் மக்களுக்குப் பயமும் மானமும் ஒருசேர வந்துவிட்டால் விடுதிக் கட்டணம் இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. பயணத்தடையைப் புகழ்பவர்களின் கணக்கில் இந்த இரண்டுக்கும் இடமே இல்லை.

பெரிய நாடுகள் தாங்கும், சின்ன நாடு தாங்குமா? நியாயமான கேள்வி. அதற்காகவே பலாவுக்குப் போவோம்.

மேற்குப் பசிபிக்கில், பிலிப்பைன்சுக்குக் கிழக்கே கிடக்கும் தீவுக்கூட்டம் பலாவ். மொத்த மக்கள்தொகை சுமார் 18,000. நம் ஊரில் ஒரு சிறு பேரூராட்சி. 1999 முதல் தைவானோடு தூதரக உறவு வைத்திருக்கும் நாடு. சுற்றுலாவை விட்டால் பெரிய தொழில் கிடையாது. 2015இல் அங்கே வந்தவர்களில் பாதிக்கும் மேல் சீனர்கள். ஹாங்காங்கிலிருந்தும் மக்காவ்விலிருந்தும் சார்ட்டர் விமானங்கள் வரிசையாக இறங்கின. 2017 நவம்பரில் சீனா தன் பயண முகவர்களுக்கு நினைவூட்டியது: பலாவ், அங்கீகரிக்கப்பட்ட சுற்றுலாத் தலங்களின் பட்டியலில் இல்லை, அங்கே குழு அனுப்புவது சட்டவிரோதம். அதுவரை ஆண்டுக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பட்டியல் யார் கண்ணிலும் படவில்லை போலும்.

விளைவு உடனே தெரிந்தது. ஹாங்காங்கிலிருந்து பறந்துகொண்டிருந்த பலாவ் பசிபிக் ஏர்வேஸ் 2018 ஆகஸ்டோடு சேவையை நிறுத்தியது. கொரோர் நகர விடுதிகளில் அறைகள் காலியாகக் கிடந்தன. பவளப்பாறைத் தீவுகளுக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. கூடவே இன்னொன்றும் நடந்தது. விடுதி கட்டுவதற்காகச் சீன முதலீட்டாளர்கள் குத்தகைக்கு எடுத்திருந்த மனைகளில் வேலை பாதியில் நின்றது. அவர்களுடைய பணத்துக்கும் அவர்களுடைய அரசே வேட்டு வைத்தது.

பலாவ் தைவானைக் கைவிட்டதா? இல்லை. அன்றைய அதிபர் டாமி ரெமெங்கெசாவ் மறுத்தார். அவருக்குப் பின் வந்த சுராஞ்சல் விப்ஸ் அதைவிட உறுதியாக மறுத்தார். 2021இல் பெருந்தொற்றுக்கு நடுவே தைவானோடு மட்டும் ஒரு தனிப் பயண ஏற்பாட்டைத் தொடங்கி, தானே தைப்பேவுக்குப் போய் முதல் விமானத்தில் பயணிகளை அழைத்து வந்தார். 2024 தேர்தலில் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தடைக்கு முந்தையது. சீன சார்ட்டர் விமானங்களைக் குறைக்க வேண்டும் என்று முதலில் சொன்னது பெய்ஜிங் இல்லை, பலாவ்தான். 2015இலேயே ரெமெங்கெசாவ், மாதந்தோறும் வரும் அந்த விமானங்களைப் பாதியாகக் குறைக்க உத்தரவிட்டார். ஜெல்லிமீன் ஏரியில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஒரே நேரத்தில் இறங்கினால் என்ன ஆகும், தீவின் தண்ணீரும் குப்பைத்தொட்டியும் எத்தனை பேருக்குத் தாங்கும் என்ற கவலை. குறைந்த கட்டணத்தில் மொத்தமாக வருபவர்களைவிட, அதிகம் தங்கி அதிகம் செலவழிக்கும் சிலர் போதும் என்பது அவருடைய கொள்கை. தன் கடலின் பெரும்பகுதியில் வணிக மீன்பிடிப்பைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்த நாடு அது. சீனத் தடை வந்த அடுத்த மாதம், 2017 டிசம்பரில், நாட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டிலும் ஓர் உறுதிமொழியை முத்திரையாகக் குத்தி, இயற்கையைச் சேதப்படுத்த மாட்டேன் என்று கையெழுத்து வாங்கத் தொடங்கியது. தண்டிக்க வந்த அரசு, தண்டனை பெற வேண்டியவர் ஏற்கெனவே விரும்பிய பாதையிலேயே அவரைத் தள்ளிவிட்டது. பலாவ்காரர்கள் இதனால் பட்ட கஷ்டத்தை நான் சிறிதாக்கவில்லை. படகுக்காரருக்கு வேலை போனது போனதுதான். சீனாவுக்கு என்ன கிடைத்தது என்றுதான் கேட்கிறேன். இன்றுவரை ஒன்றுமில்லை.

தடையின் தரப்பில் பேசுபவர்கள் எடுக்க வேண்டிய உண்மையான சான்று துருக்கி. அவர்கள் அதை ஏன் எடுப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை. நானே எடுத்துத் தருகிறேன். 2015 நவம்பர் 24 அன்று சிரிய எல்லையில் ரஷ்யப் போர்விமானத்தைத் துருக்கி சுட்டு வீழ்த்தியது. ரஷ்யா சார்ட்டர் விமானங்களையும் துருக்கிச் சுற்றுலா விற்பனையையும் தடை செய்தது. 2015இல் 36 லட்சமாக இருந்த ரஷ்யப் பயணிகள் 2016இல் 9 லட்சத்துக்கும் கீழே போனார்கள். அந்தால்யா கடற்கரை வெறிச்சோடியது. 2016 ஜூன் இறுதியில் எர்துவான் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். சில நாட்களில் புதின் தடையை நீக்கினார். வேலை செய்ததுதானே?

செய்தது, ஓரளவுக்கு. எப்படிச் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ரஷ்யா கேட்டது மன்னிப்பு. ஒரு கடிதத்தில் கொடுத்துவிடக்கூடிய, கொடுத்தாலும் நாட்டின் பாதுகாப்பு குறையாத ஒன்று. கொடுத்த உடனே தடையும் போனது. அதே நேரத்தில் துருக்கிக்கு ரஷ்யாவிடம் வேறு காரியமும் இருந்தது. வடக்கு சிரியாவில் அமெரிக்க ஆதரவோடு குர்து படைகள் முன்னேறிக்கொண்டிருந்தன. ரஷ்யா கண்டுகொள்ளாமல் இருந்தால்தான் துருக்கிப் படை எல்லை தாண்ட முடியும். அந்த ஆகஸ்டிலேயே தாண்டியது. ஆக, பேரத்தின் ஒரு பகுதியாக, சின்ன விலைக்கு, குறுகிய காலத்துக்கு என்றால் பயணத்தடை ஏதோ சாதிக்கும். ஆனால் நம் தொலைக்காட்சி வீரர்கள் கேட்பது சின்ன விலை இல்லை. கூட்டணியை மாற்று, படையை வெளியேற்றாதே, எங்கள் எதிரியோடு பேசாதே என்கிறார்கள். விடுதி வருமானத்துக்காக அந்த விலையைக் கொடுத்த நாட்டை நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அமெரிக்கா கியூபாவில் செய்தது இன்னும் கூர்மையான பாடம், குறிப்பாகச் சிறு விமான நிலையங்களுக்கு. அரை நூற்றாண்டு இடைவெளிக்குப் பிறகு 2016 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்காவிலிருந்து கியூபாவுக்கு வழக்கமான விமான சேவை மீண்டது. முதல் விமானம் இறங்கியது ஹவானாவில் இல்லை, சான்டா கிளாரா என்ற உள்நாட்டு நகரில். மூன்றே ஆண்டுகளில் கதை தலைகீழானது. 2019 டிசம்பர் 10 முதல், ஹவானாவைத் தவிர வேறெந்தக் கியூப விமான நிலையத்துக்கும் அமெரிக்க விமானங்கள் போகக்கூடாது என்று டிரம்ப் அரசு ஆணையிட்டது. கியூப அரசின் கைக்குப் பணம் போகக்கூடாதாம். அரசு எங்கே இருக்கிறது? ஹவானாவில். திறந்திருந்தது எது? ஹவானா. மூடப்பட்டவை சான்டா கிளாரா, ஒல்கின், கமகுவே. மயாமியிலிருந்து ஒல்கினில் இருக்கும் தாயைப் பார்க்க வருபவர் ஹவானாவில் இறங்கி, ஏறத்தாழ 700 கிலோமீட்டர் சாலையில் போக வேண்டியதாயிற்று. வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டும், பழைய அமெரிக்கக் காரை வாடகைக்கு ஓட்டியும் பிழைத்துவந்த சுயதொழில்காரர்கள்தான் அமெரிக்கப் பயணிகளால் முதலில் நிமிர்ந்தவர்கள். அவர்களே முதலில் விழுந்தார்கள். சந்தைப் பொருளாதாரத்தை வளர்ப்பதாகச் சொல்லும் நாடு, கியூபாவில் முளைத்த சந்தையின் வேரிலேயே வெந்நீர் ஊற்றியது. 2022இல் பைடன் அரசு அந்தத் தடையை எடுத்தது. அதுவரை ஹவானாவின் ஆட்சியாளர்களில் எவரும் அதனால் பதவி இழந்ததாகத் தகவல் இல்லை.

வான்வழியை மூடுவது இந்தத் தடையின் முரட்டு அண்ணன். 2017 ஜூன் 5 அன்று சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாருக்கு எல்லையையும் வானத்தையும் மூடின. பதின்மூன்று கோரிக்கைகள், அல்ஜசீராவை மூடு என்பது அதில் ஒன்று. கத்தார் ஏர்வேஸ் ஒரே நாளில் 18 நகரங்களை இழந்து, அந்த நிதியாண்டில் நட்டம் காட்டியது. கத்தார் என்ன செய்தது? இரண்டே மாதத்தில் இந்தியா உட்பட 80 நாட்டவருக்கு விசா வேண்டாம் என்றது. பால் வராமல் போனதால் விமானத்தில் மாடுகளைக் கொண்டுவந்து இறக்கியது. பாலைவனத்தில் பால்பண்ணை வைப்பதற்கு உலகத்திலேயே அதிகச் செலவான வழி அதுவாகத்தான் இருக்கும், ஆனால் வைத்தார்கள். 2021 ஜனவரியில் தடையை எடுத்தபோது அல்ஜசீரா ஒளிபரப்பாகிக்கொண்டுதான் இருந்தது.

நம் வீட்டுக் கணக்கும் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் பாலாகோட் தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் மூடிய வான்வழி ஜூலை நடுவில்தான் திறந்தது. அதற்குள் இந்திய விமான நிறுவனங்களுக்கு 548 கோடி ரூபாய் நட்டம் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. 491 கோடி ஏர் இந்தியாவுடையது, அதாவது அன்று நம் வரிப்பணம். மூடிய பாகிஸ்தானும் தன் வானைக் கடக்கும் விமானங்கள் தரும் கட்டணத்தை இழந்து தவித்தது. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதை. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் மீண்டும் இரு பக்கமும் மூடியபோது, டெல்லியிலிருந்து அல்மாட்டிக்கும் தாஷ்கண்டுக்கும் போய்க்கொண்டிருந்த இண்டிகோ விமானங்கள் நின்றன. சுற்றிப்போகும் தூரத்துக்கு அந்தச் சிறிய விமானங்களால் பறக்க முடியாது. பஹல்காமில் சுட்டவர்களுக்கும் தாஷ்கண்டில் மருத்துவம் படிக்கும் இந்திய மாணவருக்கும் என்ன தொடர்பு?

பாதுகாப்புக்காகப் போடும் தடையை இதோடு குழப்ப வேண்டாம். 2015 அக்டோபரில் சினாய் பாலைவனத்தின் மேலே ரஷ்யப் பயணிகள் விமானம் வெடித்து 224 பேர் இறந்தபின் எகிப்துக்கு விமானங்களை நிறுத்தியதை யாரும் குறை சொல்ல முடியாது. விமான நிலையச் சோதனை சரியாகும்வரை நிறுத்துவது அரசின் கடமை. ஆனால் அந்தத் தடையும் கெய்ரோவுக்கு 2018இல் நீங்கி, சுற்றுலாவையே நம்பியிருந்த ஷர்ம் அல்-ஷேக்குக்கும் ஹுர்கதாவுக்கும் 2021 ஆகஸ்ட் வரை நீடித்தது. தலைநகரம் முதலில் திறக்கும், கடற்கரை ஊர் கடைசியில் திறக்கும். இது எங்கேயும் மாறுவதில்லை.

இனி மாலத்தீவு. 2023இல் அங்கே போன இந்தியர்கள் 2 லட்சத்து 9 ஆயிரம். எல்லா நாட்டவரிலும் முதலிடம். 2024இல் அது சுமார் 1 லட்சத்து 30 ஆயிரமாகச் சரிந்தது. அரசு ஆணையில்லாமல் மக்கள் கோபம் மட்டுமே செய்த வேலை அது. அதே 2024இல் மாலத்தீவுக்கு வந்த மொத்தப் பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள், புதிய உச்சம். முதலிடத்தைச் சீனர்கள் பிடித்தார்கள். நாம் காலி செய்த நாற்காலியில் நமக்குப் பிடிக்காதவரையே உட்காரவைத்தோம். மாலத்தீவு அதிபர் முய்சுவின் அரசு கேட்டபடி இந்திய ராணுவத்தினர் மே 10க்குள் வெளியேறினார்கள். கடலுக்கு நடுவே ஒரு தீவுக்கு ஒரு விடுதியாக நடத்தும் பெரிய நிறுவனங்களுக்கு ரஷ்யரும் ஐரோப்பியரும் இருந்தார்கள். அங்கே தாஜ் குழுமத்துக்கும் விடுதிகள் உண்டு என்பதை நம் கோபக்காரர்கள் நினைவில் வைக்கவில்லை. நடுத்தர வர்க்க இந்தியக் குடும்பத்தை நம்பியிருந்தது, மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவுகளில் நாலைந்து அறைகளோடு விருந்தினர் இல்லம் நடத்துபவர்.

“ஆனாலும் முய்சு 2024 அக்டோபரில் டெல்லிக்கு வந்து கைகுலுக்கினாரே” என்பது கடைசிப் பிடி. வந்தார். கடன் தவணை கட்ட டாலர் இல்லாமல் வந்தார். போகும்போது 40 கோடி டாலர் நாணயமாற்று ஏற்பாட்டோடும், அதற்கு மேல் 3,000 கோடி ரூபாய் வசதியோடும் போனார். அடுத்த ஆண்டு ஜூலையில் அந்நாட்டுச் சுதந்திர தின விழாவுக்கு இந்தியப் பிரதமரே விருந்தினராகப் போய் 4,850 கோடி ரூபாய் கடனுதவி அறிவித்தார். உறவைச் சரிசெய்தது டெல்லி கொடுத்த பணம். ரத்தான டிக்கெட்டுகளுக்கு அதில் பங்கு கேட்பது, கல்யாணச் செலவு முழுக்க மாமனார் தலையில் விழுந்தபின் மாப்பிள்ளையின் நண்பர் மார்தட்டிக்கொள்வதுதான்.

அந்த ஜனவரியில் இன்னொரு முழக்கமும் கேட்டது: மாலத்தீவு வேண்டாம், லட்சத்தீவு போவோம். போகலாம்தான், முதலில் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். இந்தியக் குடிமகனே ஆனாலும் தீவுக்காரர் அல்லாதவர் அங்கே அனுமதியில்லாமல் கால்வைக்க முடியாது. அங்கே இருக்கும் ஒரே விமான நிலையம் அகத்தி; குட்டையான ஓடுபாதை, எழுபதுக்குச் சற்றே கூடுதலானவர் உட்காரும் ஏடிஆர் விமானம்தான் இறங்கும். மாலத்தீவுக்குப் போன 2 லட்சம் இந்தியரையும் அங்கே கொண்டுபோக அப்படிப்பட்ட விமானங்கள் நாள் தவறாமல் எட்டு வேண்டும். பலரும் இதைக் கேட்டு, அப்படியானால் அந்த அனுமதி முறையை ஒழி, ஓடுபாதையை நீட்டு என்று அடுத்த முழக்கத்துக்குப் போனார்கள். பலாவ் தன் ஏரிக்காகச் செய்ததைப் போல, தீவுக்காரரின் நிலத்தையும் மணலுக்கடியில் தேங்கி நிற்கும் கொஞ்ச நன்னீரையும் காக்க இருக்கும் கட்டுப்பாடு அது. பயணக் கட்டுப்பாட்டை இன்னொரு நாட்டின் மேல் ஏவச் சொன்ன அதே வாய்தான், சொந்த நாட்டில் உருப்படியான காரணத்தோடு இருக்கும் ஒரு கட்டுப்பாட்டை உடைக்கச் சொன்னது. அகத்திக்காரரிடம் உங்களுக்கு எத்தனை பேர் வந்தால் போதும் என்று அந்தக் கூச்சலில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.